நெல்லைச் சீமையில் மூன்று நாள்: அருவியா, ஆற்றங்கரையா, பறவையா, தேரியா?

போன மே மாதம் பெங்களூரிலிருந்து மதினி வந்து இறங்கியபோது கையில் ஒரு தாள் வைத்திருந்தார். குற்றாலம், பாபநாசம், மாஞ்சோலை, நவதிருப்பதி, திருச்செந்தூர், மணப்பாடு, கிருஷ்ணாபுரம், கூந்தன்குளம் என்று மொத்தம் பதினொரு பெயர்கள். இருந்ததோ மூன்று நாள். கூட இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியோடு எங்கள் அம்மா. "தம்பி, உள்ளூர்க்காரர் நீங்கதான் சொல்லணும். இதுல எதை விட, எதை வச்சுக்க?" என்று தாளை நீட்டினார்.

அந்தத் தாளின்படி போயிருந்தால் மூன்று நாளும் காருக்குள்ளேயே கழிந்திருக்கும். நெல்லையிலிருந்து மேற்கே குற்றாலம் சுமார் 60 கிலோமீட்டர். கிழக்கே திருச்செந்தூரும் ஏறக்குறைய அதே தூரம். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் ஆறு மணி நேரம் சாலைக்கே சரியாகிவிடும்.

விருந்தாளி வரும் ஒவ்வொரு விடுமுறையிலும் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு நடக்கும். வருடக்கணக்காக யாரையாவது எங்கேயாவது கூட்டிப்போய்க் கூட்டிப்போய், எது மனதில் தங்குகிறது, எது மறுநாளே மறந்துபோகிறது என்று எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு திசை. அந்தத் திசையில் நின்று சொல்லிக்காட்ட ஒரு ஆள். இவை இரண்டும் அமைந்த நாளைத்தான் வந்தவர்கள் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் மாதம். இந்தச் சீமைக்கு இரண்டு மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்பக்கம் கொட்டும். நமக்கு அது சாரலாக வரும், அருவியாக இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை நேராகவே பெய்து குளங்களை நிரப்பும். அருவிக்கு ஒரு மாதம், பறவைக்கு ஒரு மாதம், தேரி என்கிற செம்மணல்காட்டுக்கு ஒரு மாதம் என்று தனித்தனியாக இருக்கிறது. பள்ளிக்கூட லீவு இது எதையும் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது, உங்கள் கூட்டத்தில் மூத்தவருக்கும் இளையவருக்கும் எவ்வளவு நடக்க முடியும் என்பது. நடுவயதுக்காரர்கள் எங்கும் சமாளித்துக்கொள்வார்கள். படி, வழுக்குப் பாறை, வெயில், கழிப்பறை ஆகியவற்றை மூத்தவரையும் குழந்தையையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மதியம். பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை நாலு, ஐந்துக்குத்தான் திறப்பார்கள். கோயில் சுற்றுக்குத் திட்டம் போடும் வெளியூர்க்காரர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

நாலாவது, சொல்லிக்காட்ட யார் இருக்கிறார்கள் என்பது. நம் பக்கத்தில் வழிகாட்டி என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு. கோயில் பட்டர், பறவைக் காவலர், பாய் நெய்யும் அம்மா, வனத்துறை ஊழியர் இவர்கள்தான் வழிகாட்டிகள். இவர்களுக்கு ஓய்வாக இருக்கும் நேரத்தில் நாம் போகிறோமா என்பதிலேயே பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

செலவுக் கணக்கில் முதலில் தெரியாதவையும் உண்டு. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## குற்றாலம்

ஆனி கடைசியில் சாரல் முகத்தில் அடிக்க பேரருவிக்குக் கீழே நிற்கிற சுகத்துக்கு இணை வேறு கிடையாது. ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் நாளை இதற்குக் கொடுத்துவிடுங்கள். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றும் பெரியவர்களுக்கு. சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவி தோது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் அந்தச் சமயத்தில்தான் கடைக்கு வரும். பிரானூர் பார்டர் பக்கம் போனால் புரோட்டாவும் பொரித்த கோழியும்.

மே மாதத்தில் வருகிறவர்களிடம்தான் நான் மல்லுக்கு நிற்பது. மே மாதத்தில் பெரும்பாலும் பாறைதான் தெரியும். கோடைமழை பெய்தால் தண்ணீர் வரும், ஆனால் அது நம்பிப்போகிற தண்ணீர் இல்லை. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். மேலே மலையில் பெய்கிற மழை கீழே குளிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. காவலர்கள் ஏறச் சொன்னால் உடனே ஏறிவிடுங்கள். தடை போட்டிருந்தால் ஓரமாக நின்று குளிக்கலாமா என்று கேட்கவே வேண்டாம்.

தெரியாத செலவு என்றால், சீசன் சனி, ஞாயிறுகளில் அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும். அதைவிடப் பெரியது நேரம். வண்டி நிறுத்த ஒரு மணி நேரம், வரிசையில் இன்னொரு மணி நேரம் என்று போய், கடைசியில் அருவிக்குக் கீழே நிற்பது பத்து நிமிடமாகிவிடும். போலீஸ் தடை வந்தால் அதுவும் இல்லை. வார நாளில், விடிவதற்கு முன் போய்ச் சேர்ந்தால் இந்தத் தொல்லையெல்லாம் பாதியாகக் குறையும். ரயிலில் போகிறவர்கள் செங்கோட்டை வண்டியில் ஏறித் தென்காசியில் இறங்கினால் போதும். அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். குற்றாலநாதர் கோயிலை ஒட்டிச் சற்று நடந்தால் சித்திரசபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் ரத்தினம், திருநெல்வேலியில் தாமிரம், இங்கே ஓவியம். சுவர் முழுக்க வண்ணம். அருவியில் ஆயிரம் பேர் நெருக்கிக்கொண்டிருக்கும்போதும் இங்கே பத்துப் பேர்தான் இருப்பார்கள். ஈர உடையோடு போகாமல் மாற்றிக்கொண்டு போங்கள்.

## பாபநாசமும் மேற்கு மலையும்

குற்றாலத்தில் தண்ணீர் இல்லாத மாதத்தில் வருகிறவர்களுக்கு என் பதில் அகத்தியர் அருவி. பாபநாசத்துக்கு மேலே, சோதனைச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரம். கோடையிலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். நெல்லையிலிருந்து பாபநாசம் சுமார் 50 கிலோமீட்டர். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வழியெல்லாம் வயலும் வாய்க்காலும்தான். அருவிக்கு முன்னே இந்த வழியே ஒரு வேடிக்கை.

இது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் வாசல். 1988-இல் களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து அமைத்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பை, மது, சோப்பு, ஷாம்பு எதையும் விடமாட்டார்கள். நல்ல காரியம். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொண்டுபோகிறவர்கள் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் லட்சக்கணக்கில் சனம் திரளும். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் அந்த வாரம் வேறு திசை பார்ப்பது நல்லது. புலிக் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களிலும் காப்பகத்தை மூடிவிடுவார்கள். அதனால் முந்தின நாள் விசாரிக்காமல் கிளம்பாதீர்கள்.

மாஞ்சோலை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மணிமுத்தாறு வழியாக ஏறும் மலைச்சாலை அது. தனியார் வண்டிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். வருகிற எல்லா வண்டியையும் விடுவதில்லை. விதி அடிக்கடி மாறுகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம் 2024-இல் வேலையை நிறுத்தியது. நாலைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர்கள் வாழ்விடம் என்னாகும் என்ற கவலையில் நீதிமன்றம் வரை போனார்கள். போட்டோ எடுக்கப் போகிறவர்கள் அதையும் மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். அனுமதி கையில் இல்லாமல் மூன்று நாள் திட்டத்தில் மாஞ்சோலையைச் சேர்க்காதீர்கள்.

வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்க ஆசையிருந்தால், 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் கூடவே வருவார்கள். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதைவிட நல்ல நாள் அமையாது. மூட்டுவலிக்காரர்களுக்கு ஆகாது.

இந்த வழியில் இரண்டு நிறுத்தங்களை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒன்று பத்தமடை. கோரைப்புல்லைப் பிளந்து பிளந்து இழையாக்கி நெய்கிற பாய், புவிசார் குறியீடு பெற்றது. நயமான பாயைத் துணிபோல மடித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்குவதற்கு முன் நெய்கிற இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் விலை பேச மனம் வராது. இன்னொன்று திருப்புடைமருதூர். கோபுரத்தின் உள்ளே மாடம் மாடமாக நாயக்கர் கால ஓவியமும் மரச்சிற்பமும். கேட்டு, அனுமதி வாங்கித்தான் ஏற முடியும். செங்குத்தான ஏணி. கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் நாரைகள். அவற்றைக் காக்க ஊர்க்காரர்களே முன்வந்து, 2005-இல் அந்த இடம் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

பாபநாசம் படித்துறையில் ஒரு விஷயம். குளித்துவிட்டுப் பழைய துணியைத் தாமிரபரணி ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் துணியெல்லாம் பாறை இடுக்கில் சிக்கி, நாங்கள் குடிக்கிற தண்ணீரில்தான் கிடக்கிறது.

## கிழக்கு ஆற்றங்கரை: கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், நவதிருப்பதி

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, கூட்டத்தில் வயதானவர்கள் இருக்கிறார்கள், மாதமும் சாதகமாக இல்லை என்றால் என் தேர்வு இதுதான். பன்னிரண்டு மாதமும் போகலாம். மேட்டில் ஏற வேண்டியதில்லை. திருச்செந்தூர் சாலையிலும் அதை ஒட்டியுமே எல்லாம் அமைந்திருக்கிறது. ஆனால் இதையே கெடுத்துக்கொள்ள ஒரு வழியும் இருக்கிறது: நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களையும் ஒரே நாளில் பார்ப்பது.

சில வருடங்களுக்கு முன் அம்மாவை ஒரு தனியார் வேன் சுற்றுலாவில் அனுப்பினேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு கோயிலுக்கும் இருபது நிமிடம். ஒரு கோயிலில் நடை சாத்திவிட்டதால் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அம்மா களைத்துப்போய் வந்து, "ஒம்பதும் பாத்தாச்சுடா. எந்தக் கோயில்ல எந்தப் பெருமாள்னு கேட்டா சொல்லத் தெரியல" என்றார். அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

போன மே மாதம் மதினியோடு போனபோது மூன்று மட்டும் எடுத்துக்கொண்டோம். திருப்புளியங்குடியில் கூட்டமே இல்லை. பூமிபாலர் சயனக் கோலத்தில் இருக்கிறார். உள்ளே நின்றால் திருமுகம் தெரியும், திருவடி தெரியாது. சேவித்து முடித்துக் கிளம்பப் போன எங்களைப் பட்டர் நிறுத்தி, "இப்பிடி வெளிப் பிராகாரத்துக்கு வாங்க" என்று கூட்டிப்போய்ச் சுவரிலிருந்த ஒரு சாளரத்தைக் காட்டினார். அதன் வழியாகப் பார்த்தால் திருவடி. அம்மா சாளரத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அசையாமல் நின்றார். வேனில் வந்தபோதும் இதே கோயிலுக்குத்தான் வந்திருக்கிறார். அன்றைக்கு இப்படி ஒரு சாளரம் இருப்பதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

அந்த நாளை நாங்கள் ஓட்டிய வரிசை இதுதான். காலை எட்டு மணிக்குக் கிருஷ்ணாபுரம், நெல்லையிலிருந்து 13 கிலோமீட்டர். 16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்து வேங்கடாசலபதி கோயில். குறவன் இளவரசியைத் தோளில் தூக்கிப்போகும் சிற்பத்தில் அவன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். வீரபத்திரர், ரதி, மன்மதன், கர்ணன் என்று ஒரே கல்லில் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். கல்லைத் தட்டிச் சத்தம் கேட்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தட்டித் தட்டியே நிறையத் தேய்ந்துவிட்டது.

அப்புறம் ஆதிச்சநல்லூர். இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்காலப் புதைமேடு, 114 ஏக்கர் பரம்பு. 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார். 1899-லிருந்து அலெக்சாண்டர் ரியா. அவர்கள் எடுத்தவை பெர்லினுக்கும் சென்னைக்கும் போய்விட்டன. 2004-இல் மறுபடி தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. இப்போது தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடி பதித்து, 2023-இலிருந்து மக்கள் பார்க்கலாம். காலுக்குக் கீழே தாழிகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழியிலிருந்த நெல் உமி ஏறக்குறைய 3,200 ஆண்டுப் பழமையானது என்று ஆய்வில் தெரிந்தது. அண்ணன் மகள் கண்ணாடியில் மண்டியிட்டுக் கீழே பார்த்தபடி, "சித்தப்பா, இவங்களும் இந்த ஆத்துத் தண்ணிதான் குடிச்சாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பணியில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேட்டால், கேட்டதற்கு மேலேயே சொல்வார்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இதில் ஆர்வம் கூடிப்போனால் நெல்லையிலேயே ரெட்டியார்பட்டிக் குன்றில் பொருநை அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள்.

நடை சாத்துவதற்குள் ஸ்ரீவைகுண்டம், திருப்புளியங்குடி. மதியம் ஸ்ரீவைகுண்டத்திலேயே சாப்பாடு, ஆற்றங்கரை மரத்தடியில் ஓய்வு. மாலை நடை திறந்ததும் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அமர்ந்திருந்த உறங்காப்புளி அங்கே இருக்கிறது. விளக்கேற்றும் நேரத்தில் அந்த மரத்தடியில் நிற்க வேண்டும். சில நாட்கள் அந்த நேரத்தில் பிரபந்தம் சேவிக்கிற குரலும் கேட்கும்.

ஒன்பதும் பார்த்தே ஆக வேண்டும் என்று வேண்டுதல் இருப்பவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அரசுப் போக்குவரத்துக் கழகம் நெல்லையிலிருந்து நவதிருப்பதிக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறது. மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயம் என்கிற ஒன்பது சிவன் கோயில்களுக்கும் உண்டு. மலிவு, நேரத்துக்கும் போய்விடும். ஆனால் கூட்டமும் ஓட்டமும் இருக்கும். நிதானத்தை எதிர்பார்க்கக்கூடாது.

## கூந்தன்குளம்

இதைப் பற்றிப் பேசும்போது நான் நடுநிலையாக இருக்க மாட்டேன். எனக்கு இந்த ஊர் மேல் அவ்வளவு பிரியம்.

மூலைக்கரைப்பட்டி வழியாக, நெல்லையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து நிரம்பும் குளம். 1994-இல் சரணாலயமானது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அரசாணை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளை வீட்டுப் பிள்ளைகளாக வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்து மரத்தில் மட்டுமல்லாமல், தெருவில் வீட்டு வேம்பிலும் கூடு கட்டும். எச்சம் வாசலில் விழும், மீன் நாற்றம் அடிக்கும். யாரும் கல்லெடுக்க மாட்டார்கள்.

தை முதல் சித்திரை, வைகாசி வரை நல்ல காலம். குளிர்காலத்தில் போனால் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தையும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டத்தையும் பார்க்கலாம். கோடையில் போனால் குஞ்சுகள். நாங்கள் மே மாதத்தில் காலை ஆறரைக்குப் போனோம். பறவைக் காவலர் ஒருவர் பைனாகுலரை அண்ணன் மகன் கையில் கொடுத்து ஒரு கூட்டைக் காட்டினார். கூழைக்கடாக் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை முழுசாக விட்டிருந்தது. பையன் பயந்துபோய், "அம்மா அத முழுங்கிருச்சா?" என்றான். "முழுங்கல தம்பி, சோறு ஊட்டுது. நேத்து ஒண்ணு கூட்டுல இருந்து விழுந்துட்டு, அங்கன எடுத்து வளக்கோம், வா காட்டுதேன்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அந்தப் பையன் காலைச் சாப்பாட்டைக்கூடக் கேட்கவில்லை.

இங்கே மறைந்திருக்கும் செலவு பணம் சார்ந்தது இல்லை. மழை பொய்த்த வருடம் குளம் வற்றிக் கிடந்தால் பறவையே இருக்காது. எனவே அந்த வருடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், பறவைகளும் அடங்கிவிடும். நல்ல கடையோ வசதியான கழிப்பறையோ பக்கத்தில் எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளை, சிவப்புச் சட்டையைத் தவிர்த்து மங்கின நிறத்தில் போடுங்கள். பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், கைதட்டிக் கிளப்பாதீர்கள். காவலர் மனமுவந்து ஒரு மணி நேரம் கூட நடந்தால், கிளம்பும்போது குஞ்சுகளின் தீவனத்துக்கு என்று ஏதாவது கொடுப்பது நியாயம்.

பத்து மணிக்கெல்லாம் இது முடிந்துவிடுவதால், மீதி நாளை நாங்குநேரி, திருக்குறுங்குடி கோயில்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

## தேரியும் கடற்கரையும்

திருச்செந்தூருக்கு எப்படியும் எல்லோரும் போவார்கள். சாமி கும்பிடுவது நோக்கமென்றால் அது தனி நாள். விசாகம், சஷ்டி போன்ற நாட்களில் வரிசை எத்தனை மணி நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தரிசனத்துக்குச் சீக்கிரம் கூட்டிப்போகிறேன் என்று வழியில் அணுகுகிறவர்களிடம் பணம் கொடுக்காமல், கோயில் கவுண்டரில் மட்டும் சீட்டு வாங்குங்கள்.

நான் அதிகமாகச் சொல்ல நினைப்பது அதைச் சுற்றியுள்ள தேரிக்காட்டைப் பற்றி. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், இரும்புத்துரு ஏறின செக்கச்சிவந்த மணல் மேடு மேடாகக் கிடக்கும். நடுநடுவே பனையும், கொல்லாமரம் என்கிற முந்திரியும். காற்றடிக்கும் மாதத்தில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். பங்குனி, சித்திரையில் போனால் பதனீர் கிடைக்கும். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து மணப்பாடு போனால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் 1581-ஆம் ஆண்டுத் திருச்சிலுவை ஆலயம், கீழே சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லும் குகை.

விடிகாலை அல்லது நாலரை மணிக்குமேல். நடுப்பகலில் அந்த மணலில் கால் வைக்க முடியாது. உள்ளே எந்த மேடும் ஒன்று போலவே இருப்பதால் வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் சாலையை விட்டு ரொம்ப தூரம் போகக்கூடாது. காரை மணலில் இறக்கினால் டயர் புதைந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | நல்ல மாதம் | முதியவர்க்கு | சொல்லிக்காட்ட | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| குற்றாலம் | ஜூன் – ஆகஸ்ட் | கூட்ட நாளில் சிரமம் | ஆள் தேவையில்லை | வெள்ளத் தடை, சீசன் வாடகை |
| பாபநாசம், மேற்கு மலை | வருடம் முழுக்க | அருவிவரை சரி, மலையேற்றம் ஆகாது | வனத்துறை, மலையேற்ற வழிகாட்டி | அனுமதி, மூடும் நாட்கள் |
| கிழக்கு ஆற்றங்கரை | வருடம் முழுக்க | மிக நல்லது | பட்டர், அருங்காட்சியகப் பணியாளர் | மதிய நடைசாத்தல் |
| கூந்தன்குளம் | தை – வைகாசி | நல்லது | பறவைக் காவலர் | குளத்தில் தண்ணீர் |
| தேரி, மணப்பாடு | மார்கழி – சித்திரை | மணலில் நடை கடினம் | உள்ளூர் ஆள் | வெயில் |

## காரா, வேனா, பேருந்தா

நாலைந்து பேர் என்றால் வாடகைக் கார்தான் நல்லது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கலாம். பேசும்போதே கிலோமீட்டர் வரம்பு, டிரைவர் பேட்டா, மலைச்சாலைக்குக் கூடுதல், சோதனைச்சாவடிக் கட்டணம் யார் தலையில் என்பதையெல்லாம் கேட்டுவிடுங்கள். கடைசியில் சண்டை வருவதெல்லாம் இந்த நாலில்தான். டிரைவர் அந்தத் திசையில் ஊர் உள்ளவரா என்றும் கேளுங்கள். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தபோது எந்த அர்ச்சகர் எப்போது வருவார் என்பதுவரை சொன்னார். வேன் சுற்றுலா தனியாக வருகிற பெரியவர்களுக்குத் துணையாக இருக்கும். பணம் கட்டுமுன் ஒரு இடத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். அரை மணிக்குக் குறைவென்றால் வேண்டாம். பேருந்தும் ரயிலும் திருச்செந்தூர், அம்பாசமுத்திரம், தென்காசித் திசைகளில் தாராளமாக இருக்கின்றன. கூந்தன்குளத்துக்கும் தேரிக்கும் மட்டும் விடிகாலையில் போய்ச் சேர சொந்த வண்டி வேண்டும்.

மே மாதம் மூன்று நாள் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் வரிசை: முதல் நாள் கிழக்கு ஆற்றங்கரை, இரண்டாம் நாள் விடிகாலைக் கூந்தன்குளம், மூன்றாம் நாள் பத்தமடை வழியாக அகத்தியர் அருவி. ஜூலை என்றால் கூந்தன்குளத்தை எடுத்துவிட்டுக் குற்றாலம். அரைப் பரீட்சை லீவு என்றால் ஆற்றங்கரை, தேரி, அதற்குள் பறவை வந்திருந்தால் கூந்தன்குளம். எந்த மாதமானாலும் ஒரு மாலை நெல்லையப்பர் கோயிலுக்கு. தாமிரசபையும் இசைத்தூண்களும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் இருட்டுக்கடையில் அல்வா வரிசை நிற்கத் தொடங்கியிருக்கும்.

மதினி போன வாரம் போன் செய்தார். டிசம்பர் கடைசியில் வருகிறார்களாம். தாளில் இந்த முறை இரண்டே ஊர். திருப்புளியங்குடிக்கு அம்மா மறுபடி போக வேண்டும் என்கிறார். கூந்தன்குளத்தில் அதற்குள் பறவை வந்திருக்குமா என்று காவலரிடம் கேட்டுவைக்கச் சொல்லிப் பையன் பின்னாலிருந்து கத்திக்கொண்டிருந்தான்.